ஏழு கிலோவுக்குள் அடங்கும் கேமரா பேக்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விமானத்தில் கையோடு கொண்டுபோகிற மாதிரி நல்ல கேமரா பேக் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது, "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதுதான். பேக்கின் கொள்ளளவைச் சொல்லும் அந்த லிட்டர் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்களிடம் இருக்கிற பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா), லென்ஸ், பிளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பி, சமையலறைத் தராசை எடுத்து வந்து ஒவ்வொன்றாக எடை போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் தராசு இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் பேக் வாங்கப் போகாதீர்கள். உங்கள் சாமான் எடையைப் பார்க்காமல் வாங்கிய பேக், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், செக்-இன் கவுண்டரில் உங்களைக் காலை வாரிவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக் கல்யாணம், ஜெய்ப்பூரில் வைத்திருந்தார்கள். படமெடுக்க நானும் உதவிக்கு ஒரு தம்பியும் சென்னையிலிருந்து விமானம். புதிதாக வாங்கிய பெரிய பேக், உள்ளே இரண்டு பாடி, நான்கு லென்ஸ், இரண்டு பிளாஷ், லேப்டாப், சார்ஜர் எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். கவுண்டரில் அதைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். பத்தரைக் கிலோ காட்டியது. "சார், ஏழுதான் அலவ்டு, இதை லக்கேஜில் போட்டுடுங்க" என்றார் கவுண்டரில் இருந்த பெண். பின்னால் வரிசை நிற்கிறது, தம்பி "ண்ணா, பாடியை மட்டும் எடுத்துடலாம்ணா" என்று காதருகே சொல்கிறான். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, பேக்கைத் திறந்து, இரண்டு பாடியையும் கழுத்தில் மாட்டி, மூன்று லென்ஸைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் திணித்து, மீதியை அப்படியே அனுப்பினோம். ஜெய்ப்பூரில் பெல்ட்டில் வந்த பேக்கைத் திறந்தால் ஒரு பிளாஷின் அடிப்பாகம், அதாவது கேமராமேல் செருகுகிற அந்தக் கால், முறிந்து கிடந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். ஒரே பிளாஷை வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினேன்.

சரி, விதி என்ன என்று பார்ப்போம். இந்தியாவுக்குள் பறக்கும்போது எகானமி டிக்கெட்டுக்குக் கைப்பை எடை 7 கிலோ. இண்டிகோவில் அளவு 55 × 35 × 25 செ.மீ., ஏர் இந்தியாவில் 55 × 40 × 20. எதில் மூன்று பக்கத்தையும் கூட்டினாலும் 115தான் வரும், ஆனால் தடிமனைப் பாருங்கள், ஒன்றில் 25, இன்னொன்றில் 20. இந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் நிறைய கேமரா பேக்குகள் மாட்டிக்கொள்கின்றன. வெளிநாடு என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 7 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 115 செ.மீ.; எமிரேட்ஸ் எகானமியில் ஒரு பை, 7 கிலோ; ஏர் ஏசியாவில் பெரிய பை 56 × 36 × 23, கூட ஒரு சின்னப் பை உண்டு, ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே 7 கிலோ. நம் பக்கத்திலிருந்து கல்யாண வேலைக்கு கோலாலம்பூர் போகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்காமல் போய் அங்கே பணம் கட்டுகிறார்கள். லுஃப்தான்சா 8 கிலோ தருகிறது, பிரிட்டிஷ் ஏர்வேஸில் 23 கிலோ வரை கையில் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே போவதற்கு நடுவில் ஒரு உள்நாட்டு விமானம் மாறினால் அந்த 7 கிலோதான் உங்கள் கணக்கு. எப்போதும் பயணத்திலேயே மிகக் கண்டிப்பான விமானத்துக்குத் தகுந்த மாதிரி பேக் வாங்குங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போட்ட கையோடு அந்த நிறுவனத்தின் பேக்கேஜ் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். சோனி ஏ7-4 பாடி பேட்டரியோடு 658 கிராம், இரண்டு என்றால் 1,316. சோனியின் இரண்டாம் தலைமுறை 24-70 ஜிஎம் லென்ஸ் 695, அதே வரிசை 70-200 ஜிஎம் 1,045, 85 எம்எம் 1.8 லென்ஸ் 371. ஒரு பிளாஷ் பேட்டரியோடு அரைக் கிலோ. கூடுதல் பேட்டரி நான்கு, ஒன்றுக்கு 83 கிராம் வைத்தால் 330 சொச்சம். இதுவே 4.3 கிலோவை நெருங்கிவிட்டது. சார்ஜர், கார்டு டப்பா, ஸ்ட்ராப், துடைக்கிற துணி, ஒரு கேபிள் சுருள் என்று சில்லறைச் சாமான் அரைக் கிலோ சேர்த்தால் 4.8. ஏழில் 4.8 போனால் 2.2. உங்கள் பேக் காலியாக இருக்கும்போது 2.2 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. லேப்டாப் இதில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆகவே கடையிலோ ஆன்லைனிலோ முதலில் பார்க்க வேண்டியது காலி எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் லிட்டரும் எத்தனை லென்ஸ் வைக்கலாம் என்பதும் இருக்கும், எடையைக் கீழே விவரப் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல கேமரா பேக்பேக்குகள் ஒன்றரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கின்றன. மூன்று கிலோ பேக் தோளில் மாட்டிப் பார்த்தால் கம்பீரமாக இருக்கும், பஞ்சு கனமாக, ஜிப் எல்லாம் தடிமனாக இருக்கும். அது காரில் போகிறவருக்கு. விமானத்துக்கு என்றால் இரண்டு கிலோவைச் சுற்றி இருப்பதைத்தான் எடுப்பேன், அதற்காகப் பஞ்சு கொஞ்சம் மெலிந்தாலும் பரவாயில்லை, பேக் நம் கையிலேயேதானே இருக்கப் போகிறது. உள்ளே அறை பிரிக்கிற டிவைடர்கள் எல்லாவற்றையும் எடை போட்டுப் பாருங்கள், பேக்கோடு பத்துப் பன்னிரண்டு டிவைடர் தருவார்கள், நமக்கு ஐந்தாறு போதும், மீதியை வீட்டில் வைத்தால் கால் கிலோ வரை குறையும். இடுப்புப் பட்டை கழற்றுகிற மாதிரி இருந்தால் அதையும் கழற்றிவிடலாம்.

சக்கரம் வைத்த கேமரா பெட்டி வாங்கலாமா என்றும் கேட்பார்கள். தோள் வலி இருப்பவருக்குப் புரிகிறது. ஆனால் சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் சேர்ந்தால் காலிப் பெட்டியே ஏழில் பாதி எடையை நெருங்கிவிடும், எனவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

தோல் பேக் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வேலூர்ப் பக்கம் தோல் ஊர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் தொழில், தெரிந்தவர் யாராவது ஒருவர் தோலில் கேமரா பேக் தைத்துத் தருகிறேன் என்று சொல்லாமல் இருக்க மாட்டார். எனக்கும் ஆம்பூரில் ஒரு நண்பர் ஒன்று தைத்துக் கொடுத்தார், தையல் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. உள்ளூர் ரிசப்ஷனுக்கு இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். விமானத்துக்கு எடுப்பதில்லை. தோல் கனம், மழையில் நனைந்தால் காய நாளாகும், உள்ளே ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் அதே நண்பரிடம் இன்னொரு வேலை வாங்கலாம்: நைலான் பேக்கில் ஜிப் போனாலோ ஸ்ட்ராப் தையல் விட்டாலோ தோல் தைக்கிற மெஷினில் போட்டுத் தைத்துக் கொடுத்தால் கம்பெனித் தையலைவிட உறுதியாக நிற்கிறது.

அடுத்து அளவு. பேக்கின் விவரத்தில் இரண்டு அளவு இருக்கும், உள் அளவு, வெளி அளவு. விமானத்துக்கு வெளி அளவு. அதுவும் காலியாக இருக்கும்போது எடுத்த அளவு, முன் பாக்கெட்டில் சார்ஜரையும் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலையும் திணித்த பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டவர் மாதிரி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உப்பிவிடும். இதற்கு நான் செய்வது இது: ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி, டேப் போட்டு ஒட்டி, உள்ளளவு 55 × 35 × 25 வருகிற மாதிரி ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு தெர்மோகோல் பலகையைச் செருகினால் தடிமன் 20 ஆகிவிடும். புது பேக் வந்தவுடன் முழுக்க அடுக்கி, அதற்குள் இறக்கிப் பார்ப்பேன். அழுத்தாமல் தானாக இறங்கினால் அந்த பேக் வீட்டில் இருக்கும், முழங்காலை வைத்து அமுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள்.

சின்ன விமானம் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு ஏடிஆர் என்கிற இறக்கை விசிறி வைத்த விமானம் ஓடுகிறது. அதில் தலைக்குமேல் இருக்கும் பெட்டியே சின்னது, விதிப்படி சரியாக இருக்கிற பையும் உள்ளே போகாமல் படிக்கட்டருகே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பயணம் அடிக்கடி இருக்கிறதென்றால் தடிமன் 20 செ.மீ.க்குக் கீழே இருக்கிற பேக்கையே தேடுங்கள்.

உள் அளவிலும் ஒன்று முக்கியம், ஆழம். பாடியில் லென்ஸை மாட்டியபடியே படுக்க வைத்தால் பாடியின் உயரம்தான் பேக்கின் ஆழத்தில் உட்காரும். சாதாரண மிரர்லெஸ் பாடி பத்து சென்டிமீட்டர் சொச்சம், எதிலும் அடங்கும். ஆனால் நிக்கான் இசட்9 மாதிரி கீழே பிடி சேர்ந்தே வருகிற பாடி 15 செ.மீ., தனியாக பேட்டரி கிரிப் மாட்டுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. 20 செ.மீ. தடிமன் பேக்கில் பஞ்சும் லேப்டாப் அறையும் போனால் உள்ளே 14 மிஞ்சினாலே பெரிது. கிரிப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு போங்கள். அப்புறம் நீளம்: சோனியின் 70-200 மடங்காது, 20 செ.மீ. நீளம், முன்னால் வெளிச்சம் மறைக்க மாட்டுகிற ஹூட் தனி. கேனனின் ஆர்எஃப் 70-200 2.8 லென்ஸில் மடங்குகிற வகை சுருங்கினால் 15 செ.மீ.க்குள் வந்துவிடும், குறுக்கு வாட்டத்தில் படுக்கும். ஒரே பேக் ஒருவருக்குத் தாராளமாகவும் இன்னொருவருக்குப் போதாமலும் இருப்பது இதனால்தான், யூடியூபில் ஒருவர் அடுக்கிக் காட்டியதைப் பார்த்து வாங்காதீர்கள். முடிந்தால் உங்கள் 70-200ஐக் கையோடு எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரிச்சி தெரு, அண்ணா சாலைப் பக்கம் போய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: முதுகுப் பக்கம் திறப்பதுதான் நல்லது. காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலோ பஸ் கூட்டத்திலோ மாட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னால் இருப்பவர் ஜிப்பைத் தொடவே முடியாது. திறப்பதற்குக் கீழே படுக்க வைத்தாலும் முதுகில் படுகிற பக்கம் மேலே இருக்கும், மண் சட்டையில் ஒட்டாது. விமான நிலையத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சோதனையில் சிஐஎஸ்எஃப்காரர் கேமராவை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார். பின்பக்கம் முழுசாக ஒரே ஜிப்பில் திறக்கிற பேக்கில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், இரண்டு பாடியை எடுத்துத் தட்டில் வைத்து, மூடி, பத்து வினாடியில் முடித்துவிடலாம். மேல் பக்கம் மட்டும் திறக்கிற பேக்கில் ஒன்றை எடுக்க இன்னொன்றைக் கிளற வேண்டும், அவசரத்தில் லென்ஸ் மூடி உருண்டு பெல்ட்டுக்குக் கீழே போய்விடும்.

இதைவிடவும் முக்கியமாக நான் பார்ப்பது, உள்ளே இருக்கும் கேமரா அறை தனிப் பெட்டியாகக் கழன்று வருகிறதா என்பது. இன்செர்ட், கியூப் என்றெல்லாம் பெயர். ஜெய்ப்பூரில் அது இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். விமானம் ஏறும் கேட்டில் பையை வாங்குகிறார்கள் என்றால் ஜிப்பைத் திறந்து அந்தப் பெட்டியை அப்படியே உருவிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் கூட்டை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடலாம். பெட்டிக்கு ஒரு கைப்பிடியோ தோள் பட்டை மாட்டுகிற வளையமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் மழலையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போக வேண்டிவரும். அப்படிக் கூட்டைக் கொடுக்கும்போது மறக்கக்கூடாதது: அதன் பாக்கெட்டுகளில் இருக்கும் பேட்டரி, பவர் பேங்க் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

பேட்டரி விதி கண்டிப்பானது. கேமராவில் மாட்டாத உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் லக்கேஜில் போகக்கூடாது, கையோடுதான் வர வேண்டும். ஒரு பேட்டரிக்கு 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை கேள்வியில்லை, 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு, 160க்கு மேல் கிடையாது. பேட்டரிமேலேயே எழுதியிருக்கும், இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள்: சோனி எஃப்இசட்100 பேட்டரி 7.2 × 2.28, அதாவது 16.4. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74. வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் வி-மவுண்ட் என்கிற பெரிய பேட்டரியில்தான் பார்த்து வாங்க வேண்டும், 98 வாட்-அவர் என்று வருவதற்குக் காரணமே இந்த 100 எல்லைதான். ஆகவே பேக்கில் பேட்டரிக்கென்று கை எட்டுகிற தனிப் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் மூடியில் போடுங்கள், மூடி தொலைந்திருந்தால் செம்புத் தகடு தெரிகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவியும் சில்லறையும் இருக்கிற பாக்கெட்டில் போடவே போடாதீர்கள்.

லேப்டாப்புக்கு வேறு வழி என்றேன் அல்லவா. இண்டிகோவில் 7 கிலோ பைக்கு மேல் 3 கிலோ வரை ஒரு லேப்டாப் பையோ கைப்பையோ கொண்டுபோகலாம். எனவே மெலிதான லேப்டாப் பை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தொளதொளவென்று துணியில் இருப்பது. 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. மீதி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறதே, அதில் சார்ஜர்கள், ஹார்டு டிஸ்க், 85 எம்எம் லென்ஸ் ஒன்று துணியில் சுற்றி. இப்படிப் பார்த்தால் கேமரா பேக்கில் லேப்டாப் அறையே தேவையில்லை, அது இல்லாத பேக் மெலிதாகவும் எடை குறைவாகவும் இருக்கும். ஆனால் ஏர் ஏசியா மாதிரி இரண்டையும் சேர்த்து எடை பார்க்கிற இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே கூடுதல் கைப்பை எடைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டிவிடுவதுதான் மலிவு.

டிரைபாட், ஸ்டாண்ட், ஸ்க்ரூ டிரைவர், கத்தியுள்ள மல்டி டூல் எல்லாம் துணிமணியோடு செக்-இன் பெட்டிக்கு. டிரைபாடைக் கேபினுக்குள் விட்டார்கள் என்று ஒருவர் சொல்வார், விடவில்லை என்று இன்னொருவர் சொல்வார், கல்யாண வேலைக்குப் போகிறவர் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு போகக்கூடாது. பேக்கின் பக்கத்தில் டிரைபாட் கட்டுகிற வார் இருக்கிறது என்பதற்காக ஒரு பேக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

தோள் பட்டை விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு விமான நிலையம் பக்கத்து ஊரில் இல்லை. வேலூர் கிரீன் சர்க்கிளில் பஸ் ஏறி பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், அல்லது காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் நேராக விமான நிலையம் போகலாம், எப்படிப் போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். முதுகுப் பக்கம் வலைத்துணியும் நடுவில் காற்றுப் போகிற பள்ளமும் இருக்கிற பேக் எடுங்கள். மார்புப் பட்டை அவசியம், அது இருந்தால் கூட்டத்தில் தோளிலிருந்து நழுவாது. பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காதீர்கள், மடியில் வைக்க முடிகிற அளவா என்பதையும் வாங்கும்போதே உட்கார்ந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு மழை உறை தேவை. பேக்கோடு வருகிற உறை பெரும்பாலும் முதுகுப் பக்கத்தை மூடாது, அதனால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரையும் மடித்து வைத்திருங்கள், எடையே இல்லை.

வெளிநாடு போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: பாடி, லென்ஸ் எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் எழுதி பில் நகலோடு எடுத்துப் போய், கிளம்பும் விமான நிலையத்திலேயே கஸ்டம்ஸில் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இதெல்லாம் அங்கே வாங்கியதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். அந்தக் காகிதத்துக்கும் பேக்கில் மடியாமல் வைக்க ஒரு தட்டையான பாக்கெட் இருந்தால் நல்லது.

கவுண்டரில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எடையில் சேராது என்று சொல்வார்கள். பல தடவை சேர்வதில்லை என்பது உண்மைதான், நிறைய பாக்கெட் வைத்த ஜாக்கெட்டில் இரண்டு லென்ஸும் போகும். ஆனால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி ஒன்பது கிலோவுக்கு அடுக்காதீர்கள்.

முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கொக்கி வைத்த டிஜிட்டல் தூக்குத் தராசு கிடைக்கிறது, பேக்கோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு முழுக்க அடுக்கி முடித்து, மேல் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, எண் அசையாமல் நிற்கும் வரை பிடித்திருங்கள். நான் 6.8க்கு மேல் காட்டினால் ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துவிடுவேன். அவர்கள் தராசும் நம் தராசும் நூறு இருநூறு கிராம் வித்தியாசம் காட்டும். வெளியே எடுப்பது என்றால் என் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் இரண்டாவது சார்ஜர், அப்புறம் லென்ஸ் ஹூட்கள் செக்-இன் பெட்டிக்கு, அப்புறமும் இறங்கவில்லை என்றால் இரண்டாவது பிளாஷைப் பெரிய துண்டில் நான்கு சுற்றுச் சுற்றி, அதன் பேட்டரியை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துணிகளுக்கு நடுவில்.